மேல்பலகை இல்லாத பச்சைக் கணப்பு

1.

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். [எப்படித் தோன்றியது என்று பின்னால் யாராவது மேடையில் கேட்டால் அனுபவம், அகத்தேடல் என்று ஏதாவது சொல்லிவைப்பேன். நம்பாதீர்கள்.]

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை. எனக்கும் பக்கத்து வீட்டு டோரீன் ஹெப்வொர்த்துக்கும் நடுவில் ஒரே சுவர், அதற்குள் ஒரே புகைபோக்கி. செப்டம்பரில் ஒருநாள் காலை அந்தச் சுவர் அதிர்ந்தது. என் பக்கம் மாட்டியிருந்த படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், எழுபது தாண்டிய டோரீன், காலஞ்சென்ற கணவரின் தூசிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையில் சம்மட்டியோடு நிற்கிறார்.

"பாத்து வா கண்ணு, கீழ கல்லு கெடக்கு. கணப்பை இடிச்சிட்டு இருக்கேன். டீ குடிக்கிறியா?"

எனக்குள் இருந்த எழுத்தாளி அந்த நிமிஷமே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். விதவை, சம்மட்டி, குளிர்காய என்று கணவர் தன் கையால் கட்டிய கணப்பு. உட்கார்ந்து எழுத வேண்டியதுதான் பாக்கி. டோரீனும் அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்க்கிறவர்.

"எழுதப் போற, அதானே? எழுதிக்கோ. ஆனா ஒண்ணு. கதையில என்னை அழ வெச்சேன்னா தெரியும் சேதி."

சம்மட்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்.

2.

முதல் தொடக்கம்: "நெவில் ஹெப்வொர்த் அந்தக் கணப்பைத் தன் அன்பைக் குழைத்துக் கட்டினார்." பொய். சிமெண்ட்டைக் குழைத்துத்தான் கட்டினார்.

இரண்டாம் தொடக்கம்: "கற்களுக்கும் நினைவுண்டு. ஆளில்லாத வேளையில் அவை ஒன்றோடொன்று—" வேண்டாம். இப்படி ஒரு வாக்கியத்தை எத்தனை கதைகளில் படித்திருப்பீர்கள்.

மூன்றாவது: அந்தக் கணப்பு அசிங்கமாக இருந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

எழுபதுகளில் இந்த ஊர் ஆண்களைப் பிடித்து ஆட்டிய பைத்தியம் அது, வீட்டுக்குள் கல்லால் கணப்புக் கட்டுவது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளாளுக்குக் கல்லும் கரணையுமாகக் கிளம்பினார்கள். நெவில் வேலை பார்த்த நூற்பாலையை இடித்தபோது அதன் கற்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது போதாதென்று விடுமுறைக்குப் போன இடமெல்லாம் கல் பொறுக்கினார். விட்பியில் ஒரு கறுப்புக் கல், வேல்ஸில் ஒரு ஊதாக் கல். ("கடலுக்குப் போனா மத்தவங்க ஐஸ்கிரீம் வாங்கித் தருவாங்க. எங்க வீட்டுக்காரர் குனிஞ்சா நிமிர மாட்டார்" என்பார் டோரீன்.) எல்லாவற்றையும் சேர்த்து முன்னறைச் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அடுக்கினார். நடுவில் எரிவாயுக் கணப்பு, ஒரு பக்கம் தொலைக்காட்சிக்கு மேடை, மறுபக்கம் பித்தளைக் குதிரை பொம்மைக்கு ஒரு மாடம், மேலே நீளத்துக்கும் பலகைக்கல். பிற்பாடு அந்தப் பலகைக்கல் மேல்தான் நெவிலே வந்து உட்கார்ந்தார், அஸ்தியாக, மூடி போட்ட ஒரு ஜாடியில்.

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, சமையலறைக் கதவு பாதிதான் திறக்கிறது என்று. முன்னறைப் பக்கம் திறக்கும் கதவு. மூலைக் கல்லில் இடித்து நின்றுவிட்டது.

"ஆள் நுழைய முடியுதுல்ல?" என்றாராம் நெவில்.

அதோடு விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பித்தான் சமையலறைக்குப் போனார்கள். தேநீர்த் தட்டோடு போகும்போது டோரீன் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைவார். குளிர்பதனப் பெட்டி பின்சந்து வழியாக வந்தது. சமையலறை நாற்காலியிலேயே ஒருநாள் உயிர்விட்ட நெவிலும் பின்சந்து வழியாகத்தான் போனார். "அவர் கட்டுன கல்லு அவருக்கே வழி விடல" என்று டோரீன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவரும்தான் சிரித்தார்.

[கதவைக் கழற்றி மறுபக்கம் மாட்டியிருக்கலாமே என்று கேட்கப்போகும் வாசகருக்கு: டோரீனும் கேட்டார். "கதவு நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது.]

இந்த இடத்தில் ஒரு சபலம். நெவிலைக் கொடுமைக்காரராக்கிவிட்டால் சம்மட்டிக்குக் காரணம் கிடைத்துவிடும், வாசகரும் கை தட்டுவார். எழுதியும் பார்த்தேன், டோரீன் கன்னத்தில் ஒரு அறைகூட விழுந்தது. டோரீனிடம் வாசித்துக் காட்டினேன்.*

"அடிப் பாவி! அவர் ஒரு எறும்பைக்கூட அடிச்சதில்ல. நல்ல மனுஷன். நல்ல மனுஷன் கட்டினா கல்லு அழகாயிடுமா? அதை எடு மொதல்ல."

எடுத்துவிட்டேன்.

* டோரீனுக்குத் தமிழ் தெரியாது. வாயாலேயே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வேன். ஆனாலும் இந்தக் கதையில் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர் அவர்தான், அதற்கு நான் என்ன செய்ய?

3.

கணப்புக் கடைக்கு என் காரில் போனோம். டோரீனின் மகன் ஸ்டூவர்ட் லீட்ஸிலிருந்து நேராகக் கடைக்கே வந்துவிட்டான். ஐம்பதை நெருங்குகிறவன், அம்மாவைப் போலவே தாடை. சம்மட்டிச் சேதி கேட்டதிலிருந்து அவன் முகம் சரியில்லை. இடித்தது இடித்ததுதான், புதிதாக வைப்பதையாவது ஒழுங்காக வைக்கவேண்டும் என்று வந்திருந்தான்.

கடைக்காரர் வசீம் அன்பாக வரவேற்றார். "கணப்புக்கு எந்த மாதிரி முகப்பு பாக்குறீங்கம்மா?"

"எனக்குக் கதவு தெறக்கணும்" என்றார் டோரீன்.

"இது கணப்புக் கடைம்மா."

"தெரியும். கதவு தெறக்கணும், அவ்ளோதான். அதுக்குத் தகுந்த மாதிரி காட்டுங்க."

வசீம் காட்டினார். பால் நிறச் சுண்ணாம்புக்கல், கறை பட்டால் போகாது. ஓக் மரம், பார்க்க அம்சம், ஆனால் தீயிலிருந்து தள்ளியே இருக்கவேண்டும், அப்படித் தள்ளி வைத்தால் அகலம் கூடும். "அகலம் கூடாது" என்றார் டோரீன், மரம் போனது. வார்ப்பிரும்பில் பூவேலை செய்த ஒன்றைப் பார்த்து, "இதோட இண்டு இடுக்கெல்லாம் யார் தொடைக்கிறது?" என்றார், அதுவும் போனது. எனக்குச் சுண்ணாம்புக்கல் பிடித்திருந்தது, சொன்னேன். "உன் வீட்ல வெச்சுக்கோ" என்று பதில் வந்தது.

ஸ்டூவர்ட் சாம்பல் நிறப் பளிங்கின் முன்னால் நின்றான். "இது போதும்மா. நாளைக்கு வீட்டை வித்தாலும் வாங்க வர்றவங்களுக்குப் பிடிக்கும்."

"வாங்க வர்றவங்களா இங்க உக்காந்து குளிர் காயப் போறாங்க?"

பிறகு டோரீன் கடையின் கோடிக்குப் போனார். அங்கே சுவரில் மாதிரிக்கு ஒட்டியிருந்த டைல்களில் ஒன்றைக் கையால் தடவினார். கண்ணாடிப் புட்டிப் பச்சை. மெருகு ஒரே சீராக இல்லாமல், ஓரத்தில் கறுத்து நடுவில் வெளுத்து, ஈரமாக இருப்பது போல மின்னியது. "இது. இதையே சுத்தி ஒட்டுங்க. ஒடுக்கமா. மேல பலகை வேண்டாம்."

வசீம் திகைத்துப்போனார். "பலகை இல்லாம கணப்பா? கிறிஸ்மஸ் கார்டெல்லாம் எங்க வைப்பீங்க?"

"கயித்துல தொங்க விடுவேன்."

"அப்பாவை எங்க வைப்பே?" என்றான் ஸ்டூவர்ட்.

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அடுக்களையில ரொட்டிப் பெட்டி பக்கத்துல வெச்சாச்சு. அவர் எப்பவும் அங்கதானேடா உக்காருவார். முன்னறையில என்னைக்கு உக்காந்திருக்கார்? கட்டுனதோட சரி."

"ரொட்டிப் பெட்டி பக்கத்துலயா? அம்மா, அது அவர் கையால கட்டினது. அந்த ஊதாக் கல்லை வேல்ஸ்லேர்ந்து என் மடியில வெச்சிட்டு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதை ஒடைக்காம எடுத்து வெச்சிருக்கேன். மத்தக் கல்லும் அங்கதான் கெடக்கு. வண்டி வெச்சு அனுப்பறேன், உன் வீட்ல கட்டிக்கோ."

"எங்க வீட்லயா?" ஸ்டூவர்ட் கொஞ்சம் தடுமாறினான். "எங்க வீட்ல அதெல்லாம் பொருந்தாதும்மா. அங்க எல்லாம் வெள்ளை."

டோரீன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் காது சிவந்தது. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, இதை மறைக்க விரும்பவில்லை. அப்பாவை வைக்க அவனுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அந்த இடம் அம்மாவின் வீடாக இருக்கவேண்டியிருந்தது.

"அந்தப் பச்சையை வெச்சேன்னா கிறிஸ்மஸுக்கு நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றான்.

டோரீனுக்கு அவன் ஒரே பிள்ளை. கிறிஸ்மஸுக்கு அவன் வராத வருஷம் இதுவரை இருந்ததில்லை. டைலிலிருந்து கையை எடுக்காமல் வசீம் பக்கம் திரும்பினார்.

"பச்சையே போடுங்க, தம்பி."

4.

ஏன் பச்சை?

ஒரு கதாசிரியராக எனக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். காரணமில்லாமல் ஒரு பெண் மகனோடு பிணங்கிக்கொண்டு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் வாசகர் நம்புவாரா? அதனால் காரணம் தயாரித்தேன்.

சிறுவயதில் அவர் ஆசைப்பட்டுக் கிடைக்காத பச்சை உடுப்பு. ("உடுப்பா? எங்க அக்காவோட பழசு எல்லாம் பழுப்பு. பச்சையெல்லாம் யாரு பாத்தா?") கல்யாணத்துக்கு முன்னால் ஒருவன், பச்சைக் கண்—

"நிறுத்து. எவனும் இல்ல."

"அப்புறம் ஏன் டோரீன்?"

"பிடிச்சிருக்கு."

"அது போதாதே. கதைன்னா ஒரு—"

"நெவில் அந்தக் கல்லைக் கட்டினப்போ ஏன் கல்லுன்னு யாராவது கேட்டாங்களா? அவருக்குப் பிடிச்சுது, கட்டினார். தெருவே வந்து வேடிக்கை பாத்துட்டு முதுகுல தட்டிட்டுப் போச்சு. நான் ஒரு பச்சை டைல் ஒட்டறதுக்கு மட்டும் உனக்குக் காரணம் வேணுமா? நீ என் பக்கமா, ஸ்டூவர்ட் பக்கமா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, என்மேல்தான். எனவே வாசகரே, இந்தப் பகுதியில் காரணம் எதுவும் கிடையாது. உங்களுக்கு அது குறையாகப் பட்டால் படட்டும். அவருக்குப் பிடித்திருந்தது.

5.

வேண்டாமென்று தள்ளிய முடிவுகள்:

அ) இடித்த கல்லுக்குப் பின்னால் நெவில் டோரீனுக்காக ஒளித்துவைத்த ஏதோ ஒன்று கிடைக்கிறது. [உண்மையில் கிடைத்தது ஒரு காலி சிகரெட் பெட்டியும் கொஞ்சம் எலிப்புழுக்கையும்.]

ஆ) பச்சை டைல்களுக்கு நடுவே அந்த ஊதாக் கல் மட்டும் பதிக்கப்படுகிறது. பழையதும் புதியதும் கைகோக்கின்றன. நீங்களும் நானும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வாசித்துக் காட்டியதும் டோரீன், "ஒரு கல்லை உள்ள விட்டா மத்ததெல்லாம் பின்னாலேயே வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இ) கிறிஸ்மஸ் அன்று டோரீன் பச்சைக் கணப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்து—

இதை நான் முடிக்கவில்லை. சொல்லிவைத்திருக்கிறார் அல்லவா.

6.

நவம்பரில் டைல் ஒட்டி முடிந்தது. கணப்பு ஒடுக்கமாக, நிமிர்ந்து, மேலே ஒன்றும் இல்லாமல் நின்றது. தீ மூட்டினால் ஒவ்வொரு டைலும் ஒவ்வொரு விதமாக மினுங்கும். தெருவில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. "பொதுக் கழிப்பறை மாதிரி இருக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர், டோரீனின் முகத்துக்கு நேராகவே. "அப்ப வெளிய போய்க் காத்துட்டு இரு, உள்ள ஆள் இருக்கு" என்று டோரீன் கதவைக் காட்டினார்.

முதல்நாள் அவர் செய்ததை நான் பார்த்தேன். தட்டில் தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவை முழங்கையால் தள்ளினார். கதவு சுவர் வரை போய் முட்டி நின்றது. தட்டைத் தூக்காமல், வயிற்றை எக்காமல், நேராக நடந்து வந்தார். வந்து, தட்டை வைத்துவிட்டு, வேலை எதுவும் இல்லாமலேயே திரும்பவும் உள்ளே போய் இன்னொரு முறை வந்தார். [அழவில்லை. நான் அழுதேன். என்னைப் பற்றி நிபந்தனை எதுவும் இல்லை.]

டிசம்பரில் ஸ்டூவர்ட் வந்தான். கிறிஸ்மஸுக்கு அல்ல, அதற்கு முந்தைய ஞாயிறு, ஊதாக் கல்லை எடுத்துப்போக வந்ததாகச் சொன்னான். நான் அங்கே இருந்தேன். கயிற்றில் தொங்கிய கார்டுகளுக்குக் கீழே நின்று கணப்பைப் பார்த்தான். கையைத் தீயருகே நீட்டிச் சூடேற்றிக்கொண்டான்.

"அப்பாவைப் பாக்கணும்" என்றான்.

"உள்ளதான் இருக்கார். போய்ப் பாரு."

கதவு விரியத் திறந்திருந்தது. இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு போகலாம், அவ்வளவு இடம். ஸ்டூவர்ட் அதை நோக்கிப் போனான். நிலைப்படிக்கு வந்ததும் வலது தோளை முன்னால் கொடுத்து, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் திரும்பினான்.

தடுக்கத்தான் அங்கே எதுவும் இல்லை. திரும்பிய பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவன் தோள்பட்டை இருந்த இடத்தில்தான் முன்பு அந்தக் கதவு மூலைக் கல்லில் இடித்துப் பாதியில் நிற்கும்.

"டேய்," என்றார் டோரீன் நாற்காலியிலிருந்து, "நேரா போ."

இங்கே நிறுத்துகிறேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லப்போவதில்லை. இத்தனை நாளாக இந்த வீட்டில் ஒருவர் கட்டியதற்குத் தகுந்தபடி மற்றவர்கள் உடம்பை வளைத்துக்கொண்டார்கள். ஒரு முடிவைக் கட்டி, இன்னொரு முறை அந்த வேலையை என் கையால் செய்ய எனக்கு விருப்பமில்லை.

ஸ்டூவர்ட் நிலைப்படியில் நிற்கிறான். நேராகத் திரும்பி உள்ளே போவானா, அப்படியே நுழைந்துவிடுவானா, கல்லை மறந்துவிட்டுப் போவானா, கிறிஸ்மஸுக்கு வருவானா, எல்லாம் இனி உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். டோரீனை அழ வைக்காதீர்கள். பச்சையில் கை வைக்காதீர்கள்.