விஷம் வைக்காதவனுக்கு ஒரு கேடயம்

எலி கொல்வது என் தொழில். போக்கற்றவன் பார்க்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சீருடை, கையுறை, மூக்குக் கவசம், சட்டைப் பையின் மேல் சிரிக்கும் எலிப் படம் எல்லாம் உண்டு. அந்த எலி எதற்காகச் சிரிக்கிறது என்பது மட்டும் பதினோரு வருடமாக எனக்கு விளங்கவில்லை.

எங்கள் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருந்த தானியக் கிடங்கு ஒன்று மட்டும்தான் என் பொறுப்பு. வாரம் ஒருமுறை அங்கே நாற்பது பெட்டிகளில் நீல விஷக்கட்டிகளை வைக்க வேண்டும். அடுத்த வாரம் போய், எத்தனை கட்டி தின்னப்பட்டிருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். தின்றது குறைந்தால் எலியும் குறைந்துவிட்டதாக அர்த்தம். ஆக, எலிகள் வயிறு நிறையத் தின்றால் எனக்குத் திட்டு, பட்டினி கிடந்தால் பாராட்டு.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் ஆறு வயது மகள் ஓடி வருவாள். வந்த வேகத்தில் இரண்டடி தள்ளி நின்றுவிடுவாள். "கிட்டப் போகாதே, அப்பா குளிச்சிட்டு வரட்டும்" என்பாள் மனைவி. நியாயம்தான். ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் அந்த மருந்து நெடி போகாது. குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிடுவாள்.

ஒருநாள் கிடங்கின் ஓரத்தில் சாம்பல் நிற உருண்டை ஒன்று கிடந்தது. உடைத்துப் பார்த்தால் எலி முடியும் எலும்பும். நிமிர்ந்தேன். சுவரின் காற்றுத் திறப்பில் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை, அதன் பின்னால் மூன்று குஞ்சுகள். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பார்க்க லாயக்கில்லாதவன் என்று மூடிக்கொண்டது. என் முதலாளிகூட என்னை அவ்வளவு அலட்சியமாகப் பார்த்ததில்லை.

விஷம் தின்ற எலியைத் தின்றால் இதுவும் குஞ்சுகளும் போய்ச் சேரும். பதினோரு வருடத்தில் அன்றுதான் இப்படி யோசித்தேன். வெட்கமாக இருந்தது. நாற்பது பெட்டிகளையும் காலி செய்து, கட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதிவேட்டில் மட்டும் தின்ற கட்டிகளை வாராவாரம் குறைத்து எழுதினேன். அதிசயம், எலியும் நிஜமாகவே குறைந்தது.

நாலு மாதத்தில் என் மேல் இருந்த நெடி போய்விட்டது. மகள் வாசலிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்ன, புது சோப்பா?" என்றாள் மனைவி. "ஆமா" என்றேன்.

எலி குறைந்ததில்தான் வினை வந்தது. முதலாளி எனக்குப் பரிசாகக் கேடயத்தோடு கிடங்குக்கே வந்துவிட்டார். மூட்டை தூக்குகிறவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்.

"இவரு வச்ச மருந்துல எலியெல்லாம் ஒழிஞ்சு போச்சு! அதனால திங்கக்கிழமையிலேர்ந்து ரெட்டிப்பா வைக்கப் போறோம். நானே கூட நின்னு பாக்கப் போறேன்."

ஒழிந்துபோன எலிக்கு எதற்கு இரட்டிப்பு மருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. பலமாகக் கைதட்டினார்கள். மிச்சமிருக்கும் நாலைந்து எலிகள் அதைத் தின்னும், அவற்றை ஆந்தைகள் தின்னும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குப் பதவி உயர்வு நிச்சயம். முடியவில்லை.

"சார், நாலு மாசமா நான் மருந்தே வைக்கல."

"அப்ப எலியெல்லாம் எங்கய்யா போச்சு?"

மேலே கையைக் காட்டினேன். நிகழ்ச்சிக்குப் பொருத்தமாக, ஆந்தை ஓர் எலும்பு உருண்டையைக் கக்கி முதலாளியின் பளபளக்கும் காலணிக்கு அருகே போட்டது.

கூட நின்ற கிடங்கு மேலாளர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "இது லீவு கேக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

"கேக்காது சார்."

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க எதுக்கு?"

ஒப்பந்தம் அன்றே ரத்தானது. கிளம்பும்போது முதலாளி கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் கடிதம் வந்தது: 'எலிகளைக் கொல்லத் தவறியதால் பணிநீக்கம்.' எலியே இல்லாத கிடங்குக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யார் தருவார்கள்?

மனைவி இரண்டு முறை படித்தாள். "ஒரு ஆந்தைக்காகவா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதற்குள் மகள் என் மடியில் ஏறி, பழைய நெடி இருக்கிறதா என்று என் கையை முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. அதைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

மனைவி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடிதத்தை மடித்தாள்.

"புது சோப்பு இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.