லென்ஸைக் கழற்றிவிட்டு ஹம்மாமுக்குப் போனவள்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் என்னைவிடக் கறாராகக் காண்டாக்ட் லென்ஸ் விற்பவள் கிடையாது. கல்யாண சீசனில் சாம்பல் நிறக் கண் கேட்டு வரும் பெண்களை நான் லேசில் விடுவதில்லை. டாக்டர் அளவு பார்த்த சீட்டு எங்கே? மாத லென்ஸை மாதம் முடிந்ததும் தூக்கிப் போடுவாயா, இல்லை காசு போட்டதாயிற்றே என்று இழுப்பாயா? தங்கைக்குக் கடன் கொடுப்பாயா? போட்டுக்கொண்டே தூங்குவாயா? முதலாளி பின்னால் நின்றுகொண்டு, "ஷிராஸ், நீ லென்ஸ் விக்கிறியா, போலீஸ் விசாரணை பண்றியா?" என்பார்.

இவ்வளவு பேசுகிறவளின் கண்ணிலும் லென்ஸ்தான். அதைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினால் என் விரல்களே கஞ்சியாகக் கரைந்துவிடும். வீட்டில் மட்டும் கண்ணாடி. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற அனிஸுக்கு இது தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். நிச்சயதார்த்தத்தன்று தேநீர் குடிக்கும்போது அவன் அம்மா, என் வருங்கால அத்தை, பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றிச் சொன்னார்: "கண்ணாடியா அது, பாட்டில் அடி. பேரப்பிள்ளைங்க கண்ணாடியோடயே பொறக்கும் பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாக.

போன வியாழக்கிழமை மணப்பெண் குளியல். இரண்டு வீட்டுப் பெண்களும் ஹம்மாமில், ஊர்ப் பொது நீராவிக் குளியல்கூடத்தில், கூடினோம். அனிஸ் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு மணப்பெண் முதலில் மாமியார் முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். அத்தை இதற்காகவே தன் நாத்தனார்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்திருந்தார்.

உடை மாற்றும் கூடத்தில் நான் லென்ஸைக் கழற்றி டப்பாவில் வைப்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"போட்டுக்கிட்டே வாயேன்டி. உள்ள யாரு உன் கண்ணைத் தோண்டிப் பாக்கப் போறாங்க?"

"தண்ணி படக்கூடாதும்மா. அதுல இருக்கிற கிருமி லென்ஸுக்கு அடியில போய்க் குடியேறிடும்."

"ஒரு நாள்ல என்ன குடியேறிடும், நாட்டையா பிடிக்கப் போகுது?"

போன கோடையில் கடைக்கு ஒரு பெண் வந்தாள். லென்ஸோடு கடலில் குளித்தவள். மாதக்கணக்கில் சொட்டு மருந்து ஊற்றியும் கருவிழியில் தழும்பு தங்கிவிட்டது. புது லென்ஸ் கேட்டுத்தான் வந்தாள். உனக்கு இனி லென்ஸ் கிடையாது என்று சொல்ல வேண்டியவள் நான். அம்மாவிடம் இதையெல்லாம் விளக்காமல் டப்பாவை மூடினேன். அடையாளத்துக்கு ஒன்று பார்த்து வைத்துக்கொண்டேன்: அத்தை இடுப்பில் கட்டியிருந்தது சிவப்புத் துண்டு.

உள்ளே ஒரே ஆவி. பேச்சுச் சத்தம் நாலு சுவரிலும் மோதி வந்தது, எந்த வாய் யாருடையது என்றே தெரியவில்லை. அம்மா சோப்புக்காக யாரோடோ சண்டை போடப் போய்விட்டாள். வெந்நீர்த் தொட்டி ஓரமாக ஒரு சிவப்பு தெரிந்தது. அகலமான, மரியாதைக்குரிய சிவப்பு. போய்ப் பின்னால் மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றி, குளியல் களிமண் பூசி, அழுக்குத் தேய்க்கும் சொரசொரப்பான கையுறை மாட்டித் தேய்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பாசமாக எதையும் தேய்த்ததில்லை. "அழுத்தம் போதுமா?" என்றேன். "ம்ம்," என்றது முதுகு. கழுத்து, தோள், முழங்கை, ஒன்றையும் விடவில்லை.

பின்னாலிருந்து அனிஸின் தங்கை ஒல்ஃபாவின் குரல் வந்தது. "ஷிராஸ், எங்கம்மா இங்க உக்காந்திருக்காங்க."

என் கை நின்றது. முதுகு திரும்பி, "எந்த மகராசி பெத்த பொண்ணோ, நல்லாயிரும்மா," என்றது. முன்பின் கேட்டிராத குரல்.

"விடு ஒல்ஃபா," இது அத்தை. "அவளுக்குப் பிடிச்சவங்களுக்குத் தேய்க்கிறா." ஈரத் தரையில் செருப்புச் சத்தம் வெளியே போனது.

பின்னாலேயே ஓடினேன். வழியில் ஒரு தூணிடம் மன்னிப்புக் கேட்டேன். கூடத்தில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "கிளம்பறாங்கடி. சட்டுனு லென்ஸைப் போடு. போய் நெத்தியில முத்தம் குடுத்து, மயக்கம் வந்துச்சுன்னு சொல்லு."

டப்பாவைத் திறந்தேன். கையெல்லாம் சோப்பும் ஹம்மாம் தண்ணீரும். துடைத்தால் மட்டும் போதாது; சுத்தமாகக் கழுவி உலர்த்தாத கையால் லென்ஸைத் தொடக்கூடாது. தினமும் கடையில் நான் ஒப்பிக்கிற பாடம் அத்தனையும் அந்த ஈரக் கையில் நின்றது. டப்பாவை மூடினேன். பையின் அடியில் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நாத்தனார்களும் அத்தை பின்னாலேயே கூடத்துக்கு வந்திருந்தார்கள். அத்தை உடையை மாட்டியபடி நின்றிருந்தார். கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். தெளிவாகத் தெரிந்ததோ அழுதிருந்த முகம். அத்தனை பேரைக் கூட்டி வந்து, அத்தனை பேர் முன்னால் யாரும் தொடாமல் உட்கார்ந்திருந்த முகம். கண்ணாடி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அத்தை, நான் உங்களைப் பாக்கல."

"அதைத்தான் எல்லாரும் பாத்தாங்களே."

"இல்ல அத்தை. நிஜமாவே தெரியல. லென்ஸ் இல்லைன்னா எனக்குக் கண்ணு தெரியாது. சிவப்புத் துண்டைப் பாத்துப் போயிட்டேன்."

அவர் என் கண்ணாடியைப் பார்த்தார், நேராக, பக்கவாட்டில், மறுபடி நேராக. என் காது மடல்வரை எரிந்தது.

"நான் அன்னிக்குச் சொன்னதுக்கா மறைச்ச?"

தலையாட்டினேன்.

"நீதானே அதிகமா சிரிச்ச."

"ஆமா அத்தை."

"அனிஸுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவனை வீட்டுல பாத்துக்கிறேன்." மாட்டிய உடையைக் கழற்றினார். துண்டை மறுபடி இடுப்பில் இறுக்கினார். "அதை வெச்சிட்டு வா. அந்த ஆவியில அதுவும் ஒண்ணும் காட்டாது."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். ஹம்மாமில் மூன்று அறைகள். மூன்றிலும் அறிவித்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. என் மருமகளுக்குக் கண்ணு தெரியாது. படி இருக்கு, காலைத் தூக்குடி. வாளியை யாரு நடுவுல வெச்சது? இவளுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்றேன்ல?"

தொட்டி ஓரத்துச் சிவப்பு கேட்டது: "அப்போ எனக்குத் தேய்ச்சுவிட்டது?"

"விலாசம் தப்பி வந்துச்சும்மா. அனுபவிச்சீங்கல்ல, விடுங்க."

கல்லில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தார். "இதுதான் என் முதுகு. தடவித் தெரிஞ்சுக்கோ." நாத்தனார்கள் சிரிப்பது கேட்டது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. குனிந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

"என்ன பூனை மாதிரி தடவற?" என்றார். "அவங்களுக்கு எப்படித் தேய்ச்ச? அழுத்து."

அழுத்தினேன்.