கால்விலை வால்நட்

“அதை இருந்த இடத்துல வை.”

“திருப்பி வைக்கறதுக்கா எடுத்தேன்?”

“புட்டி இத்துனூண்டு, விலையைப் பாரு, ஒரு பேண்ட் தைச்சாக்கூட இந்தக் கூலி—”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஆலிவ் எண்ணெய்ன்னு சொன்னாங்களா—”

“—வராது, அதுவும் உள்ளே ஜிப்பு வெச்சு தைச்சாலும்—”

“—இல்லையா, நான் பேசறப்ப குறுக்கே பேசாதீங்க!”

“நீ எங்க நிறுத்தறே, நான் குறுக்கே வர்றதுக்கு?”

சூப்பர் மார்க்கெட்டின் எண்ணெய்த் தட்டுக்கு எதிரே நின்றுகொண்டு தையற்காரரும் அவர் மனைவியும் இப்படி அரைமணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியோடு வந்தவர்கள் வழி கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். அவள் கையில் பச்சைக் கண்ணாடிப் புட்டி. அவர் கையில் அந்தக் கடையே தன் பெயர் போட்டு விற்கும் மஞ்சள் மூடிக் கேன். அவர் கடைக்குள் வந்தால் கண் எப்போதும் கீழ்த்தட்டில்தான் இருக்கும். விலை குறைந்ததெல்லாம் அங்கேதான் வைப்பார்கள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் இடுப்புக்கு மேலே இருக்கும் எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

“நூல் மட்டும் ஏன் ஒசத்தியா வாங்கறீங்க?” என்றாள் அவள்.

“நூல் மட்டமா இருந்தா தையல் விட்டுடும்.”

“நெஞ்சு விட்டுட்டா?”

“நூல் வேற, நெஞ்சு வேற. நெஞ்சு நாம காசு குடுத்து வாங்கினதா?”

 அவள் புட்டியை வைத்துவிட்டாள். மூன்று நாளைக்கு முன்னால் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னது அவள் காதிலேயே நின்றது. கெட்ட கொழுப்பு ஏறிக் கிடக்கிறது. மூன்று மாதம் அவகாசம். நல்ல எண்ணெய், தினம் ஒரு கைப்பிடி வால்நட், பொரித்தது கூடவே கூடாது. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் ரத்தக்குழாயில் கம்பி வைக்க வேண்டி வரும்.  அவரோ வெளியே வந்ததும், “வால்நட்டா? அது பணக்காரங்க அணில் திங்கறது” என்றார்.

பக்கத்துக் கடை சலூன்காரர் அவருக்குக் கால் இஞ்சு என்று பேர் வைத்திருந்தார். வெட்டின துணியில் கால் இஞ்சு மிச்சமானாலும் மடித்து டப்பாவில் போட்டு வைக்கிற மனுஷன். அப்படிப்பட்டவரிடம் நல்லபடியாகச் சொன்னால் வேலைக்கு ஆகுமா?

ஆகாது என்று அன்று மாலையே அவள் முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் அவளுக்கு வேலை. பெரிய கேனில் வரும் மருந்துத் தண்ணீரைச் சின்னப் புட்டிகளில் ஊற்றி, மூடி, பேரெழுதின சீட்டை ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு சொட்டு கீழே சிந்தியதில்லை. சீட்டு ஒட்டாத புட்டி கையை விட்டுப் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் உலகம் நம்பும் என்பது அவளாகக் கற்றுக்கொண்டது.

அடுத்த சம்பளத்தில் ஆலிவ் எண்ணெயும் வால்நட்டும் வீட்டுக்கு வந்தன. வந்த சுவடு தெரியவில்லை. எண்ணெய், பழைய மஞ்சள் மூடிக் கேனுக்குள் போயிற்று. பச்சைப் புட்டிகள் அவள் கைப்பையில் ஏறி ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டிக்குப் போயின. வால்நட்டை ஒரு சாதா பிளாஸ்டிக் பைக்கு மாற்றி, தன் வடிவான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள்: ‘உடைசல். கால்விலை.’

“எங்க கெடைச்சுது?” அவர் கண் விரிந்தது.

“கடையில ஒழிச்சுக் கட்டிட்டிருந்தாங்க. அள்ளிட்டு வந்தேன்.”

“இதுல உடைசலே காணோமே! முழுசு முழுசா இருக்கு!”

“அவங்களுக்குப் பாக்கத் தெரியலை.”

“பாத்தியா? நான் சொன்னா கேக்க மாட்டியே. பொறுமையா இருந்தா எல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்துதான் ஆகணும்.”

மறுநாளே ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு தன் தையல் கடைக்குக் கிளம்பிவிட்டார். மாலையில் டப்பா காலியாகத் திரும்பியது. மறுநாளும் காலி. சாப்பாட்டு நேரத்தில் எண்ணெயை முகர்ந்து பார்த்து, “உன் பச்சைப் புட்டி என்ன பிரமாதம்? இந்த மலிவு எண்ணெய்க்கு என்ன வாசனை பாரு!” என்றார். அவள் சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்குள் ஓட வேண்டியிருந்தது. கேன் மட்டும் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாயிற்று. ‘நல்லா சாப்பிடறார்’ என்று நினைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மறுபடி நிரப்பினாள். தனக்கென்று பார்த்து வைத்திருந்த செருப்பைக்கூட வாங்கவில்லை. பழசுக்கே ஆணி அடித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

“ஏறியிருக்கு.”

“எது, இறங்கியிருக்கா?” என்றாள் அவள். காதில் விழுந்ததை நம்ப மனசு வரவில்லை.

“ஏறியிருக்கும்மா. இவர் என்னதான் சாப்பிடறார்?”

தையற்காரர் கூரையில் எதையோ தேடினார். இன்னும் ஆறு வாரம், அதுதான் கடைசி, அதற்கப்புறம் பேச்சே இல்லை, கம்பிதான் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

இருவரும் நேரே தையல் கடைக்கு வந்தார்கள். அங்கே சட்டைக்கு அளவு கொடுக்க ஒரு வாடிக்கைக்காரர் காத்திருந்தார். தையற்காரர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று டேப்பை எடுத்து, அந்த ஆளின் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துத்தானா சலூன்காரர் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வர வேண்டும்?

“அண்ணி! நல்லவேளை இருக்கீங்க. இதைப் பாருங்க! எனக்குக் கொழுப்பு பாதியா இறங்கிடுச்சு! டாக்டரே எழுந்து நின்னு கை குடுத்தாரு!”

“சந்தோஷம்” என்றாள் அவள். ஒப்புக்குத்தான்.

“எல்லாம் அண்ணன் புண்ணியம். தினம் ஒரு டப்பா வால்நட்! மூணு மாசம் ஒரு நாள் தவறலையே!”

தையற்காரர் தொண்டையைச் செருமினார். “தோள் பதினெட்டு” என்று யாரிடமோ சொன்னார்.

“நில்லுங்க” என்றாள் அவள். “டப்பாவை யாரு சாப்பிட்டது?”

“நான்தான் அண்ணி. சும்மா இல்லை, பதிலுக்கு நானும் குடுத்தேன். நம்ம வீட்டு உருளைக்கிழங்கு வறுவல், வெண்ணெய் பிஸ்கட்டு… அண்ணனுக்கு அதுன்னா உசிரு.”

“வறுவலா?”

“மொறுமொறுன்னு இருக்கும். அப்புறம் அந்த எண்ணெய்! என் சுழல் நாற்காலி கிறீச் கிறீச்சுன்னு ஊரைக் கூட்டும். அண்ணன் வீட்டுலேருந்து கொண்டுவந்து விட்டாரு பாருங்க, இப்ப சத்தமே இல்லை. ரெண்டு கஸ்டமர் தலையிலகூடத் தேய்ச்சுவிட்டேன்.”

“எந்த எண்ணெய்?” அவள் குரல் கீழே போய்விட்டது. குரல் உயர்ந்தால் பரவாயில்லை, கீழே போனால்தான் ஆபத்து என்று தையற்காரருக்குத் தெரியும்.

“மஞ்சள் மூடிதான்” என்றார் அவர். “எதுக்கு இப்படி முறைக்கறே? மட்ட எண்ணெய்தானே. நம்ம வாசல் இரும்புக் கதவுக்கு விட்டேன், மிஷினுக்கு விட்டேன், இவன் நாற்காலிக்கு ஒரு கரண்டி. நல்ல எண்ணெயையா கீலுக்கு விட்டேன்?”

“நல்ல எண்ணெயைத்தான் விட்டீங்க! அது ஆலிவ் எண்ணெய்! பச்சைப் புட்டி! நான் ராத்திரியில பூனை மாதிரி எழுந்து எழுந்து மாத்தி ஊத்தினது!”

“சார்,” என்றார் கை விரித்து நின்ற வாடிக்கைக்காரர், “நான் கையை இறக்கலாமா?”

“இருங்க!” என்றார்கள் இருவரும்.

“அப்ப அந்த வால்நட்டு?” என்றார் தையற்காரர்.

“உடைசலும் இல்லை, கால்விலையும் இல்லை. முழு விலை. மேல்தட்டு.”

“எவ்வளவு?”

சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகத் திரும்பிச் சலூன்காரரைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை, ஒரு புதுத் துணியைப் பார்ப்பதுபோல, மூன்று மாத வால்நட்டும் அந்த உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அளவெடுத்தார்.

“என்னை ஏன் அண்ணே அப்படிப் பாக்கறீங்க? எனக்குத் தெரியுமா?”

“இவரை விடுங்க” என்றாள் அவள். இப்போது குரல் உயர்ந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. “இவராவது நல்லா இருக்கட்டும். உங்களுக்காக நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். நீங்க போயிட்டா, சத்தமே இல்லாத அந்த இரும்புக் கதவைத் தெறந்து மூடிக்கிட்டு நான் ஒருத்தி உக்காந்திருக்கணுமா?”

 வாடிக்கைக்காரர் கையை இன்னும் கொஞ்சம் நன்றாக விரித்துக்கொண்டார்.

தையற்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். “சொல்லியிருக்கலாமில்ல?” என்றார், தணிந்த குரலில்.

“சொன்னா வாங்க விட்டிருப்பீங்களா?”

“வாங்க விட்டிருக்க மாட்டேன். ஆனா வாங்கிட்டு வந்து சொல்லியிருந்தா? அவ்வளவு விலை குடுத்த பொருளை வெளியில விடுவேனா? ஒரு பருப்பு, ஒரே ஒரு பருப்பு இவன் வாய்க்குப் போயிருக்குமா? கால்விலைன்னு எழுதி ஒட்டிட்டியே! மலிவா கெடைச்சதை நாலு பேருக்குக் குடுத்தா நமக்கும் ஒரு நல்ல பேருன்னு நெனைச்சேன்.”

அவள் அப்படியே துணி அடுக்கிய பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டு ஒட்டுகிறவள், கட்டின புருஷனுக்குத் தப்பான சீட்டை ஒட்டியிருக்கிறாள். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும், அந்த மனுஷன் எதற்கு அசைவார் என்று தெரியாமல் போயிற்றே! விலையை மறைத்தது போதாதென்று, குறைத்து வேறு எழுதித் தொலைத்தாளே!

அன்று சாயங்காலமே புதுச் சீட்டு தயாராகிவிட்டது. டப்பா மூடியின் மேல், மருந்துப் பிரிவு எழுத்தில்: ‘காலை ஏழு. மாலை ஏழு. மென்று விழுங்கவும்.’ அதற்குக் கீழே, சிவப்பு மையில், ஒரு பருப்பின் விலை. எண்ணெய் பச்சைப் புட்டியிலேயே மேஜை நடுவில் நின்றது. கடை ஒட்டின விலைச்சீட்டு அவர் உட்காரும் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

என்ன சொல்ல! மனுஷன் அடியோடு மாறிப்போனார். தட்டில் ஒட்டின எண்ணெயை விரலால் வழித்துச் சாப்பிட்டார். வால்நட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். துகள் சிந்துமோ என்று மடியில் துணியை விரித்துக்கொண்டார். ஒரு தடவை ஒரு பருப்பு மிஷினுக்கு அடியில் உருண்டுவிட்டது. கடையை அரை மணி மூடிவிட்டுத் தேடினார்.

“அண்ணே,” என்று சலூன்காரர் வழக்கம்போல வறுவல் பொட்டலத்தோடு வந்தார், “டப்பாவைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.”

தையற்காரர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “அதெல்லாம் வேணாம். எனக்கு வயித்துல இடமில்லை.”

“வறுவலுக்கா இடமில்லை?”

“வறுவல் என்ன விலை? கிள்ளுக்கீரை! அதைத் தின்னு வயித்தை நெரப்பிட்டா இதை எங்க வைக்கறது?”

“சரி, எனக்காவது ஒண்ணு குடுங்க. பழகிட்டேன் அண்ணே.”

வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு பருப்பை எடுத்து, நூல் வெட்டும் கத்தரியால் சரிபாதியாக வெட்டி, பெரிய பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மற்றதை நீட்டினார். “நாளைலேருந்து நீயே வாங்கிக்கோ. மேல்தட்டு. கழுத்தைத் தூக்கினாத்தான் தெரியும்.”

ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே அறை, அதே நாற்காலிகள். அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா தாளை இரண்டு தடவை படித்தார்.

“நல்லா இறங்கியிருக்கே!”

“என்னது?” என்றாள் அவள்.

“இறங்கிடுச்சும்மா. கம்பி வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பேச்சையே விட்டுடலாம்.”

 அவள் பையின் வாரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் அதை விலக்கவில்லை. சிரித்தார்கூட.

“ஆனா ஒண்ணு,” என்றார் டாக்டரம்மா, தாளை மடித்துக்கொண்டே. “இறங்கிடுச்சுன்னு விட்டுடக்கூடாது. அந்த எண்ணெய், அந்த வால்நட், எல்லாம் அப்படியே நடக்கணும். ஆயுசு முழுக்க.”

தையற்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆயுசு முழுக்கவா?”

“ஆயுசு முழுக்க.”

அவர் உதடு அசைந்தது. விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. அவள் பிடித்திருந்த கையையும் மெல்ல உருவிக்கொண்டு, அந்த விரல்களையும் மடக்கினார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவர் அப்பா தொண்ணூறு வரை இருந்தவர்.

நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏன் டாக்டர், அந்தக் கம்பி வைக்கறது… அது ஒரே தடவைச் செலவுதானே?”