மூன்று கோட் கிளியர்

நான்காவது முறையாக ஐந்து ரூபாய்க் காசால் அந்த சைக்கிள் ஃபோர்க்கைத் தட்டிப் பார்த்தேன். அதன் இடது காலில் ஒரு சத்தம், வலது காலில் ஒரு சத்தம். இரண்டும் ஒன்றுபோலவும் கேட்டது, வேறுபோலவும் கேட்டது. பந்தல்குடி ரோட்டில் லோடு லாரி ஒன்று போனது. அந்த இரைச்சலில் காசுச் சத்தமும் போயிற்று.

நாற்பது வருசமாக லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அரித்துப்போன தகரத்தில் ஓட்டையை அடைக்கும் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, புது வண்டிபோல விற்க அனுப்பியிருக்கிறேன். வாங்குகிறவன் தடவிப் பார்த்துச் சிரிப்பான். அதனால் பளபளப்பாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை, மனுசனையும் சேர்த்துத்தான். காசால் தட்டினால் பட்டி இருக்கிற இடம் பொத்தென்று காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அது தகரம். இது என்ன சாமான் என்றே எனக்குத் தெரியவில்லை.

வீரசோழன் ஊர்க்காரன் அப்துல் வாஹித் திங்கட்கிழமை இதை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் மகள் நிலோபர் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவள். யாரோ ஓட்டிக் கழித்த சைக்கிளை அவளுக்கு மதுரையில் வாங்கியிருக்கிறான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்டும் மேல்பூச்சு வெயிலில் மஞ்சளாகி, செதில் செதிலாக உரிந்திருந்தது.

"கார்பன்ணே. இரும்பவிட ஒசத்தி. வெயிலு உள்ள எறங்காம மேல கிளியர் மட்டும் அடிச்சுக் குடுங்க. சனிக்கெழம டீமுக்கு ஆள் எடுக்குறாக."

"எடையே இல்லையே பாய். காத்தடிச்சா திருச்சுழிலதான் போய்ப் பொறுக்கணும்போல."

"எடை இல்லைன்னுதாண்ணே இம்புட்டு வெல."

"வெலையப் பாத்து நான் எதையும் நம்புறதில்ல."

செவ்வாய்க்கிழமை வாட்டர் பேப்பரை, அதான் உப்புத்தாளை, நனைத்துத் தேய்த்தேன். முதலில் பால்போல வெள்ளைத் தண்ணீர் வடிந்தது. வலது காலில் ஒரு செதில் ஆழமாக இருந்தது. அங்கே அழுத்தினேன். தண்ணீர் கறுத்தது. பழைய பெயிண்ட் போகிறது என்று நினைத்தேன். இரும்பு தெரிகிற மட்டும் தேய்ப்பதுதான் எங்கள் தொழில். அது தெரிந்தால்தான் கை நிற்கும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத்தான் வந்தது. துடைத்துப் பார்த்தேன். இரும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டைவிரல் அகலத்துக்குத் துணிபோலக் கறுப்பு நெசவு. நூல் அறுந்து பிசிறு நின்றது. பெயிண்ட் என்று நான் தேய்த்தது சாமானையே.

அன்றைக்கே வாஹிதுக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. முன்னாலேயே விரிசல் இருந்திருந்தாலும் என் தலையில் கட்டுவான் என்று நினைத்தேன். புதன் காலை காற்று எழும்புமுன், தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, நிறமில்லாத அந்தக் கிளியரை மூன்று கோட் அடித்தேன். பிசிறு மறைந்தது. இப்படி ஒரு வேலை என் கையில் இதுவரை அமைந்ததில்லை. கூரைத் தகரம் அதில் தெரிந்தது. என் மூஞ்சி தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் காசை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். இரும்பென்றால் வளையும், உடையுமுன் ஒரு தகவல் சொல்லும். இது எப்படிப் போகும் என்று யாரைக் கேட்பது? வேகத்தில் முன்சக்கரம் விட்டுப்போனால் ஓட்டுகிறவளின் முகம்தான் முதலில் ரோட்டில் விழும்.

இன்று வியாழன். காசும் கையுமாகத் தட்டிக்கொண்டிருந்தபோதே வாஹிதும் மகளும் வந்துவிட்டார்கள்.

"கண்ணாடியாவுல்ல ஆக்கிட்டீக" என்றான் வாஹித், குனிந்து பார்த்து.

"அத்தா, தாடி சீவவா வாங்குனீக? தள்ளுங்க" என்றாள் மகள். ஃபோர்க்கை எடுத்து வலது காலில் விரலை ஓட்டினாள். அந்த இடத்தில் விரல் நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது.

"அத வையிம்மா" என்றேன்.

வாட்டர் பேப்பரை நனைத்து அதே இடத்தில் தேய்த்தேன். வாஹித் என் கையைப் பிடித்தான்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒங்களுக்கு?"

"விடு. இந்த வெள்ளத் தண்ணி நான் அடிச்ச கிளியரு. பாத்துக்கிட்டே இரு."

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கறுத்தது.

"இது சாமான். செவ்வாக்கெழமயே அறுத்துப்புட்டேன். மறைச்சுத்தான் அடிச்சேன்."

வாஹித் கையை விட்டுவிட்டான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சனிக்கெழம ஒரு நாளுதானேண்ணே" என்றான் மெதுவாக. "தாங்காதா?"

மகள் அவனைப் பார்க்கவில்லை. "எம்புட்டு ஆழம் போயிருக்குய்யா?"

"தெரியாதும்மா."

"முன்னாடியே இருந்ததா, நீங்க தேச்சதா?"

"அதுவும் தெரியாது."

நான் கீழே வைத்திருந்த காசை அவள் எடுத்துக்கொண்டாள். குத்தவைத்து உட்கார்ந்து, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, ஒரு கையால் ஃபோர்க்கைத் தூக்கிப் பிடித்து அதன் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரி ஒன்று வரும் சத்தம் கேட்டது. வாஹித் வாசலுக்கு ஓடி, அதை நிறுத்தப் போகிறவன்போல ரோட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினான். லாரி கடந்து போகட்டும் என்று அவள் காசை ஓங்கியபடியே இருந்தாள். ஃபோர்க்கின் நுனியிலிருந்து கறுப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.