தாழ்ப்பாள் போடாதீர்கள்

துணிக்கடையின் பின்பக்கம், போட்டுப் பார்க்கும் அறைகளை ஒட்டி, ஒரு தையல் மெஷினும் ஒரு நாற்காலியும் போட்டால் ஆள் திரும்ப இடமில்லாத ஓர் அறை. அங்கே உட்கார்ந்து பேண்ட்டுகளின் நீளத்தைக் குறைப்பவளுக்குக் கடையில் டெய்லரக்கா என்று பெயர். வாடிக்கையாளர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. திரைக்குக் கீழே தெரியும் கால்கள்தான் தெரியும். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து, மடித்துக் குத்தி நிமிர்வதற்குள் திரை மூடிவிடும். பகலெல்லாம் ஊரார் காலைப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், ஏன் லேட் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

தம்பி இருந்தவரை வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. நல்ல வேலையை உதறிவிட்டு, கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்யப் போகிறேன் என்று வந்து நின்றான். "விளையாட்டு சோறு போடுமாடா?" என்று ஆரம்பித்தாள். அவன் ஒன்று சொல்ல, இவள் ஒன்பது சொல்ல, வார்த்தை தடித்து, ஒரு சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அந்த வீட்டில் கடைசி ஆள் திரும்பும்வரை யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவர் பங்குச் சாப்பாட்டை ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடி மேஜைமேல் வைத்துவிடுவார்கள். அன்றைக்கும் மூடித்தான் வைத்தாள். ஆனால் தனியாக இருக்கும் ஒருத்தி எத்தனை நேரம் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்? தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அசதியில் அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள். தம்பி வரவேயில்லை என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டான், ரோஷக்காரன்.

சாப்பாட்டு நேரத்தில் பில் போடும் பெண் ஒருநாள் போனை நீட்டினாள்.

"டெய்லரக்கா, இந்தப் பேய் கேமை ஆடிப் பாருங்க. மொத்தமே பத்து நிமிஷம்தான். நான் பயத்துல போனையே கீழ போட்டுட்டேன்."

"எனக்கு எதுக்குடி பேயி? எங்க வீட்டுக்கு அது வந்தா, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சுதுன்னு நானே உள்ள கூப்பிட்டு உட்கார வைப்பேன்."

"இதுல யாருமே தப்பிச்சதில்ல தெரியுமா?"

ஆட்டத்தைச் செய்தவர் பெயருக்குப் பதில் 'ஒண்டிக்கட்டை' என்று போட்டிருந்தது. கீழே, ஆடித் தோற்றவர்கள் ஆளுக்கொரு யோசனை எழுதியிருந்தார்கள். எல்லாக் கதவையும் பூட்டு என்றான் ஒருவன். விளக்கை அணைத்துக் கட்டிலுக்கடியில் போ என்றான் இன்னொருவன். 'பேயோட பேண்ட் ஒரு பக்கம் குட்டை. வரைஞ்சவர் தூங்கிட்டார் போல' என்று ஒரு கிண்டல் வேறு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இருட்டு வீடு, நீ மட்டும் தனியாக. வெளியே காலடிச் சத்தம். எல்லாரையும் போல அவளும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவுக்கடியில் இருந்த இடுக்கில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மூன்று தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மூன்று. பிறகு திரை கறுத்து எழுத்து வந்தது: 'முடிந்தது. நீ தனியாக இருக்கிறாய்.'

"இதைச் சொல்ல ஒரு கேம் வேணுமாக்கும்," என்று முனகிவிட்டு மறுபடி ஆடினாள். இந்த முறை கால்களைத் தொழில்காரியின் கண்ணோடு பார்த்தாள். இடது பக்கம் அரை அங்குலம் குட்டை. அவள் கை தானாக அளவு டேப்பைத் தேடிப் போய் அப்படியே நின்றது.

தம்பிக்குப் பிறவியிலேயே இடது கால் அரை அங்குலம் குறைவு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவன் பேண்ட்டை எல்லாம் இடது பக்கம் அரை அங்குலம் ஏற்றித் தைத்து, ஊர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தது அவள் ஊசிதான். இந்தப் பேய்க்குக் கால் இரண்டும் ஒரே நீளம். பேண்ட் மட்டும் அக்கா தைத்தபடியே இருந்தது.

அப்படியானால் ஒண்டிக்கட்டை அவன்தான், அன்றைக்கு அவன் திரும்பி வந்திருக்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான், ஒரு தரமல்ல, இரண்டு தரம். அக்கா தூங்கிவிட்டாள் என்று அந்த மடையனுக்குத் தோன்றியிருக்காது, வேண்டுமென்றே தாழ்ப்பாள் போட்டாள் என்று நினைத்துப் போயிருப்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவன் தன்னையே பேயாக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறான். குண்டூசி டப்பா மடியில் கவிழ்ந்ததுகூடத் தெரியாமல் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்று வெயில் அடிக்கும் மத்தியானம், வீட்டில் உட்கார்ந்து தன் போனில் மூன்றாம் முறை ஆடினாள். கதவைச் சும்மா சாத்தினாள், தாழ்ப்பாளைத் தொடவில்லை. ஆட்டத்துச் சமையலறையில் கிடந்த இரண்டு தட்டுகளில் ஒன்றை மேஜையில் வைத்து மற்றதால் மூடினாள். அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது, கால்கள் வராமலே போய்விட்டால் என்று.

வந்தன. தட்டவில்லை. கதவு திறந்தது, செருப்பைக் கழற்றிவிடும் சத்தம், தட்டைத் திறக்கும் சத்தம். திரையில் எழுத்து வந்தது: 'இன்னுமா முழிச்சிருக்க?' வீட்டுக்கு லேட்டாக வரும்போதெல்லாம் அவன் கேட்கிற கேள்வி.

ஆடினவர்கள் யோசனை எழுதும் அந்தப் பக்கத்தில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் மனசு அல்லாடியது. எழுதினால் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்ததும் ஆட்டத்தையே எடுத்துவிட்டு ஓடிவிட்டான் என்றால், பார்க்க அந்தக் கால்கூட மிஞ்சாது. கடைசியில், வருவது வரட்டும் என்று ஒற்றை விரலால் தட்டினாள்:

'ஹெட்போன் போட்டு ஆடுங்க. பகல்ல ஆடினாலும் பயமாத்தான் இருக்கும். ஓடாதீங்க, ஒளியாதீங்க. தட்டை மூடி வைங்க. தாழ்ப்பாள் போடாதீங்க. வர்றது பேய் இல்ல, வீட்டு ஆள், பசியோட வருது. பேண்ட் குட்டையா இருக்குன்னு யாரும் சிரிக்க வேண்டாம், அது சரியான அளவுதான். தச்சவ சொல்றேன்.'

புதன் ஒன்றுமில்லை. வியாழன் ஒன்றுமில்லை. பில் போடும் பெண் என்னக்கா போனையே பார்க்கிறீங்க என்று சீண்டினாள். வெள்ளிக்கிழமை யாரோ ஒருவரின் காலடியில் மண்டியிட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஊசி வாயில் இருந்தபடியே எடுத்துப் பார்த்தாள். ஒண்டிக்கட்டை எழுதியிருந்தான்:

'அக்கா, இன்னும் அதே வீடுதானா?'

"ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க," என்று அந்தக் கால்களிடம் சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். எழுதுவதற்கு மூன்று வருஷத்துப் பேச்சு இருந்தது. ஒற்றை விரலால் தட்டியதில் இவ்வளவுதான் வந்தது:

'அதே வீடுதான்டா. உனக்கு ஒரு பேண்ட் தைக்கணும், அளவு எடுக்க நேர்ல வா.'