நேராக ஏறிய கோடு

திரையில் விழுந்த அந்தக் கோட்டைப் பார்த்ததுமே யசோதினிக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் கீறிய கோடு.

பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். மேலே 'பிள்ளை 7' என்று மட்டும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் பேனையால் இரண்டு தரம் சுற்றி அழுத்துவது அவளுடைய பழக்கம். எட்டாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை, சரியான வளர்ச்சியைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள், அடிமட்டம் வைத்ததுபோல ஏறிப் போனது கோடு.

பிள்ளையின் பெயர் தனுஷா. பதின்மூன்றாம் மாதம் அது உயிரோடு இல்லை.

நாவற்குடாவில், வாவிக்கு முகம் பார்த்த மண்டபம். ஐந்து நாள் பயிற்சியில் அன்று மூன்றாம் நாள். முன்பள்ளி ஆசிரியைகளும் புதிதாக நியமனம் பெற்ற குடும்பநல உத்தியோகத்தர்களுமாக இருபத்துநான்கு பெண்கள். பிள்ளையின் நிறை ஒருவருக்கு, பேச்சு இன்னொருவருக்கு, சாப்பாடு வேறொருவருக்கு என்று பங்கு போடாமல், எல்லாரும் சேர்ந்து ஒரே பிள்ளையைப் பார்க்கப் பழக வேண்டும் என்பதற்கான பயிற்சி. பயிற்றுநர் யசோதினி. பழைய நிறை அட்டைகளில் சுத்தமானவற்றைப் பொறுக்கி மேலிடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதல் நாளே அவற்றைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் வாவிக்கு அக்கரையில், புன்னைமுனையில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தாள். அந்த மாரியில் வெள்ளம் பெருகி, வாவியைக் கடக்கும் மிதவைப் பாதை ஓடவில்லை. மூன்று மாதம் அவளால் ஊருக்குள் போக முடியவில்லை. நிறுக்காத மாதத்தை அட்டையில் வெறுமையாக விட வேண்டும். வெறுமையாக விட்டால் மாதக் கூட்டத்தில் எழுப்பி விட்டுக் கேள்வி கேட்பார்கள். அலுவலகப் பிரதியில் மூன்று புள்ளிகளை உத்தேசமாக வைத்தாள்.

வெள்ளம் வடிந்த பிறகு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தராசின் முள் ஆறு தசம் ஒன்பதில் நின்றது. முந்திய மாதத்துக்கு யசோதினி வைத்திருந்த புள்ளியோ எட்டு தசம் நான்கு. உண்மையை எழுதினால், ஒரே மாதத்தில் ஒன்றரைக் கிலோ எங்கே போனது என்று கேட்பார்கள். பழைய மூன்று புள்ளிகளும் பொய் என்பது வெளியே வரும். வரிசையில் இன்னும் நாற்பது தாய்மார். எட்டு தசம் ஏழில் புள்ளியை வைத்து, தாயின் அட்டையிலும் அப்படியே கோட்டை இழுத்தாள்.

"கோடு மேலதானே போகுது மிஸ்?" என்று தாய் கேட்டாள்.

"ஓம். நல்லாப் போகுது."

மூன்று கிழமையில் காய்ச்சல் வந்தது. பிள்ளை போய்விட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் அட்டையைப் பார்த்து, வளர்ச்சியில் குறையில்லை, திடீர் நோய் என்று எழுதிவிட்டுப் போனார்கள். பதிவுகள் சுத்தமாக இருக்கின்றன என்று யசோதினிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்குப் பிறகு, சந்தையில் மீன் நிறுக்கும்போதுகூட அவள் முள்ளைப் பார்ப்பதில்லை.

"மிஸ், இஞ்ச ஒருக்கா வாங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஓட்டமாவடியில் முன்பள்ளி நடத்தும் நிஸ்மியா. கூரை வளையில் தொங்கவிட்ட தராசுக்குக் கீழே நின்றாள். பிள்ளைகளை உட்காரவைத்து நிறுக்கும் துணிக் காற்சட்டை அதில் வெறுமையாகத் தொங்கியது.

"இதுக்குள்ள ஒண்டுமில்ல. முள் ஏன் ஏழுக்குக் கிட்ட நிக்குது?"

"ஆறு தசம் ஒன்பது," என்று எட்டி வாசித்தாள் நிருஷா. புதிய குடும்பநல உத்தியோகத்தர்களில் ஒருத்தி.

"நம்மட கண்ணுக்குத் தெரியாத புள்ள ஒண்டு ஏறி இருக்குதாக்கும்," என்றாள் நிஸ்மியா.

"இருக்கட்டும் கா. அழாமத்தானே இருக்கு. உன்ட மகனை விட நல்லம்," என்றாள் பக்கத்தில் நின்ற ஆசிரியை.

சிரிப்பு எழுந்தது. யசோதினி சிரிக்கவில்லை. திருகாணியைத் திருகி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். கையை எடுத்தாள். படம் காட்டுவதற்காக யன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். மின்விசிறியும் ஓடவில்லை. என்றாலும் அந்தக் காற்சட்டையின் இரண்டு கால்களும் மெல்ல ஆடின. முள் நகர்ந்து நகர்ந்து அதே இடத்தில் போய் நின்றது.

"வில் இளகியிருக்கும். வேற தராசை மாட்டுங்க," என்றாள்.

திரைப் பக்கம் திரும்பினால் அங்கே கோடு. நிஸ்மியாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டு கேக்கலாமா மிஸ்? இந்தப் புள்ளைக்கு ஒரு மாசமும் காய்ச்சல் வரல்லயா? பல்லு முளைக்கல்லயா? என்ட மகன்ட கோடு முதலைட பல்லு மாதிரிக் கிடக்கு."

"உன்ட மகனுக்கு நீ ஊட்டுறது அப்பிடி," என்றது ஒரு குரல்.

"கொஞ்சம் பொறு கா. கார்த்திகை, மார்கழி, தை. இது அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருசம். எங்கட பக்கம் ஒரு மிஸ்ஸும் வரல்ல. இந்தப் புள்ளைய மட்டும் ஆரு போய் நிறுத்தது?"

நிருஷா தன் கொப்பியில் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கீறிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அவ நல்ல மிஸ் போல. தோணியில போயிருப்பா. எனக்கும் அக்கரைதான் தந்திருக்காங்க. மாரியில எப்பிடிப் போறதெண்டு சொல்லித் தாங்க மிஸ். நானும் இப்பிடி வடிவா வைக்கணும்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளை மறுநாள் இந்த இருபத்துநான்கு பேரும் கொப்பியை மூடிக்கொண்டு ஊர்களுக்குப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் விசாரணைக் கோப்பைத் திரும்பவும் திறப்பார்கள். பதவி போகும். வேலையும் போகலாம்.

நிருஷாவின் பேனை பன்னிரண்டாம் மாதத்துக்கு வந்துவிட்டது.

"அதைக் கீறாத புள்ள," என்றாள் யசோதினி. "தோணியில ஒருத்தரும் போகல்ல. அந்த மூணு புள்ளியும் நான் வீட்டில இருந்து வச்சது."

பேனை நின்றது. அவள் மிச்சத்தையும் சொன்னாள். நான்காவது புள்ளியை. தாய் கேட்ட கேள்வியை. தான் சொன்ன பதிலை.

"நிறுக்கல்லயெண்டா வெறுமையா விடுங்க. கோடு விழுந்தா விழுந்த இடத்தில வைங்க. ஏசுவாங்க. ஏச்சை வாங்குங்க."

நிஸ்மியா தராசடியிலிருந்து முன்னுக்கு வந்தாள்.

"அந்த உம்மாக்கு இது தெரியுமா மிஸ்?"

யசோதினி திரையை அணைத்தாள். பகல் சாப்பாட்டுக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முச்சக்கரவண்டி பிடித்துத் துறைக்குப் போய் மிதவைப் பாதையில் ஏறினாள். மோட்டார்ச் சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு மரப்பலகையில் இடம் கிடைத்தது. மடியில் பை. உள்ளே குடையும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும்தான். நடு வாவிக்கு வரும்போது அது ஒரு பிள்ளையின் கனம் கனத்தது. சூடாகவும் இருந்தது. கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே அக்கரை சேர்ந்தாள்.

தனுஷாவின் தாய் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"மிஸ்ஸா? எவ்வளவு காலம். இருங்க, கையைக் கழுவிட்டு வாறன்."

"வேணாம். நான் நிண்டே சொல்லுறன்."

சொன்னாள். இந்த முறை குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தாயின் கையில் பாதி வெட்டிய மீன் அப்படியே இருந்தது.

"அவ மெலியிறா எண்டு எனக்குத் தெரிஞ்சது," என்றாள் தாய் மெதுவாக. "தூக்கினா கை சொல்லும்தானே. ஆசுபத்திரிக்குப் போவமா எண்டு நினைச்சன். கோடு மேல போகுதெண்டு நீங்க சொன்னீங்க. படிச்ச ஆள் சொல்றதெண்டு இருந்திட்டன்."

யசோதினி குனிந்து நின்றாள்.

"என்ட மனிசன் ஆறு வருசமா என்ட முகம் பார்த்துக் கதைக்கிறல்ல. அட்டையில எல்லாம் சரியா இருந்த புள்ள எப்பிடிச் செத்தது, நீதான் பாக்காம விட்டாய் எண்டு ஒரு நாள் சொன்னார். அதுக்குப் பிறகு ஒண்டும் சொல்லல்ல. நானும் அப்பிடித்தான் நினைச்சன். என்ட பாலிலதான் ஏதோ பிழையெண்டு."

"உங்கட பிழை ஒண்டுமில்ல."

"எனக்கு மட்டும் சொன்னாக் காணாது. அவருக்குச் சொல்லுங்க. வயல் வட்டைக்குத் தண்ணி பாக்கப் போயிருக்கார். பொழுதுபட வருவார்."

"ஆறு மணிக்குக் கடைசிப் பாதை."

"தெரியும்," என்றாள் தாய். "அவர் கோவக்காரன். அதையும் சொல்லிட்டன்."

எழுந்து கையைக் கழுவினாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, படலையைத் திறந்துகொண்டு வருகிறவன் கண்ணில் முதலில் படும்படி முற்றத்து நடுவில் வைத்தாள்.

யசோதினி அதில் உட்கார்ந்தாள்.