சகலையின் கடலைக் கொல்லை

வேளாண்மை ஆபீஸில் வறட்சி தாங்கும் வேர்க்கடலை விதை கொடுத்தார்கள். எனக்கு ஒரு மூட்டை, என் சகலை பரணிதரனுக்கு ஒரு மூட்டை. அக்காவை நானும் தங்கையை அவனும் கட்டிய பாவத்துக்கு, எதிலும் எங்களைச் சேர்த்தே நிறுத்துவார்கள். போதாததற்கு ஒடுகத்தூர் பக்கம் எங்கள் மானாவாரிக் கொல்லைகளும் ஒரே வரப்பின் இரண்டு புறம்.

இந்த விளைச்சலை நம்பித்தான் என் மனைவி சங்கீதாவை ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையிலிருந்து நிற்கச் சொன்னேன். விடியற்காலையில் கம்பெனி வேனுக்கு ஓடி, இருட்டிய பிறகு கை வீங்கி வருவாள். "மல்லாட்டை கால வாரிச்சின்னா எனக்குத் திரும்பவும் வேன்தான், பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நின்றாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர்.

விதை கொடுத்த மேடம் படித்துப் படித்துச் சொன்னார். முளைத்து இருபத்தைந்து நாள் தண்ணீர் காட்டக்கூடாது, செடி கொஞ்சம் ஏங்கினால்தான் பூ ஒன்றாகப் பிடிக்கும், அதற்கப்புறமும் அளவோடுதான் என்று. நானும் தலையாட்டினேன். பதினைந்தாம் நாள் மாமனார் வந்து பார்த்துவிட்டு, "சின்ன மாப்பிள்ளையோடது கொஞ்சம் தெம்பா இருக்குது" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்கே பக்கத்துக் கொல்லை அப்துல் ஹமீத் பாயிடம் கெஞ்சி அவர் போர் தண்ணீரை ஹோஸ் போட்டு இழுத்தேன். அதற்கப்புறம் வாரம் தவறவில்லை.

என் செடிகள் முழங்காலைத் தொட்டன. பரணியுடையவை ஒரு சாணுக்கு மேல் ஏறவில்லை. மாமனாரை நானே போய் அழைத்துவந்து காட்டினேன். பரணி முகம் சுண்டியதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆனந்தம்.

அறுவடைக்கு முதல் செடியைப் பிடுங்கினேன். ஆறு காய். அடுத்ததில் நாலு. மீதியெல்லாம் வெறும் தழை, மாட்டுக்குத்தான் ஆகும். மனசு கேட்காமல் வரப்பைத் தாண்டி அவன் செடி ஒன்றைப் பிடுங்கினேன். வேர் தெரியாமல் காய்த்திருந்தது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே பரணி பின்னால் வந்து நின்றான்.

"இன்னா சகல, எவ்ளோ இருக்குது?"

"முப்பத்தொண்ணு."

அவன் சிரித்தான். "உங்க கொல்லைப் பச்சையப் பாத்து ஒரு மாசமா எனக்குச் சோறே எறங்கல. நானும் தண்ணி கேட்டு பாய்கிட்ட போனேன். 'உன் சகலைக்கே பத்தல, உனக்கு எங்க போறது'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

ஆக, அவன் கொல்லையைக் காப்பாற்றிக் கொடுத்ததே நான்தான்.

"விதைக்கு வேணும்னா எடுத்துக்கோங்க சகல" என்றான். செடியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை வேன் வந்தது. சங்கீதா சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருவில் அவள் தங்கை பூர்ணிமா காயவைத்திருந்த கடலையை நின்று பார்த்தாள், பரணியின் கொல்லையை நான் பார்த்த அதே பார்வையில். பிறகு வேனில் ஏறிக்கொண்டாள்.